நடந்ததாகச் சொன்னார்கள்

1989ஆம் வருடம். நான் பதினோராம் வகுப்பு முடித்திருந்த கோடை. திருவண்ணாமலையில் ஒரு மைதானத்தில் மூன்று நாள் நற்செய்திப் பெருவிழா நடக்கப்போகிறது என்று கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். குருடர் பார்க்கிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மூன்றாவது வரியை மட்டும் கூட்டாமலே படித்துவிட்டாள்.

அந்த மூன்றாவது வரி நான். இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப் போய்விட்டது. போலியோ என்று பிற்பாடு பெயர் சொன்னார்கள். கக்கத்தில் கட்டை ஊன்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். வீட்டுக்குள் கட்டை தேவையில்லை. தொடையில் ஒரு கையை அழுத்திக்கொண்டு அடுப்படியிலிருந்து தோட்டத்துக் கதவுவரை நடந்துவிடுவேன். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் நடை நடைதான்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் வைக்கிற குடும்பம். எனக்காக அம்மா வேண்டாத சாமி இல்லை. சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டே மலை சுற்றியிருக்கிறாள். அடி அண்ணாமலை வரும்போது இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொள்வாளாம். எங்கள் தெருவில் குடியிருந்த நர்சம்மாதான் அந்தக் கூட்டத்தைப் பற்றி அவளுக்கு விவரமாகச் சொன்னவர். அப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "வெயிலு ஜாஸ்தியா இருக்குது, தண்ணி எடுத்துனு போங்க" என்றார்.

மைதானத்தில் அவ்வளவு ஜனத்தை நான் தேர்த் திருவிழாவில்தான் பார்த்திருந்தேன். பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தோம். பாட்டு எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பாடி முடித்ததும் பிரசங்கியார் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட். மெதுவாக ஆரம்பித்து, போகப்போகக் கத்தி, கடைசியில் அழுதார். பிறகு, சுகம் வேண்டுகிறவர்கள் மேடைப் பக்கம் வரலாம் என்றார். அம்மா என்னை எழுப்பி இழுத்துக்கொண்டு போனாள்.

மேடைப் படிக்குக் கீழே பேட்ஜ் குத்திய தொண்டர்கள் எங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒருவரைப் பாயில் படுக்கவைத்துத் தூக்கிவந்திருந்தார்கள். பக்கவாதம். அவரைப் பார்த்துவிட்டு ஒரு தொண்டர், "இவர இப்படி ஓரமா வைங்க. ஐயா கீழ எறங்கி வந்து ஜெபிப்பாரு" என்றார். என்னிடம் வந்தார்.

"கட்ட இல்லாம நடப்பியாம்மா?"

"கொஞ்சம் நடப்பேங்க."

"எவ்ளோ?"

"ஒரு ரூம் அளவுக்கு."

"நீ முன்னாடி வா" என்று என்னை வரிசையின் முன்பக்கம் கொண்டுபோனார். எனக்கு அப்போது அதன் அர்த்தம் புரியவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ கூட்டங்கள் பார்த்துவிட்டேன். எல்லா இடத்திலும் மேடைக்குக் கீழே இப்படி ஒருவர் இருக்கிறார். யாரை ஏற்றுவது, யாரை ஓரமாக வைப்பது என்பது அவர் வேலை.

மேடையில் பிரசங்கியார் என் நெற்றியில் கை வைத்துத் தள்ளினார். பின்னால் ஒருவர் என்னைப் பிடிக்கத் தயாராக நின்றார். நான் விழவில்லை. பழக்கம். இரண்டு வயதிலிருந்து விழாமல் இருப்பதுதானே என் வேலை. இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தார். பிறகு கக்கத்திலிருந்து கட்டையை உருவி எடுத்துக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டி, "நட மகளே!" என்றார்.

நடந்தேன். வேறென்ன செய்வது? அடுப்படியிலிருந்து தோட்டத்துக் கதவுக்கு எப்படிப் போவேனோ அப்படி, தொடையில் கையை அழுத்திக்கொண்டு, மேடையின் ஒரு பக்கத்திலிருந்து நடுவரை போனேன். மைதானம் அதிர்ந்தது. கீபோர்டு உச்சத்துக்குப் போனது. "பிறந்ததுமுதல் நடக்காத மகள் நடக்கிறாள்!" என்று அவர் முழங்கிவிட்டு மைக்கை என் வாயருகே நீட்டினார். "இப்ப எப்படிம்மா இருக்குது?"

"வீட்ல இப்படிதாங்க நடப்பேன்" என்றேன்.

'வீட்ல' மட்டும்தான் ஸ்பீக்கரில் வந்திருக்கும். மைக் அதற்குள் போய்விட்டது. "வீட்டுக்கு நடந்தே போவேன் என்கிறாள்!" என்றார் அவர்.

கீழே இறங்கியதும் கட்டையைத் தேடினேன். மேடைக்குப் பின்னால், வேறு சில கட்டைகளோடும் ஒரு வீல் சேரோடும் அதைச் சாய்த்து வைத்திருந்தார்கள். எடுக்கப் போனால் பழைய தொண்டரே வந்து குறுக்கே நின்றார்.

"இன்னாம்மா இது, சுகம் வாங்கிட்டு மறுபடியும் கட்டய கேக்கற? விசுவாசம் வேணாமா?"

அம்மாவைப் பார்த்தேன். "அதான் சொல்றாரில்ல, வா பாப்பா" என்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவள் முகம் மாதிரி இருந்தது. அந்த முகத்தோடு என்ன வாதாடுவது? அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. எங்கள் நிறுத்தத்தில் இறங்கும்போது படியிலிருந்து விழுந்து முகவாய் கிழிந்தது. மறுநாள் காலையில் நர்சம்மாதான் தையல் போட்டார். போடும்போது என் கண்ணைப் பார்க்கவே இல்லை.

அதற்குள் ஊரில் செய்தி பரவிவிட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொன்னாள். அவர்கள் என்னை நடந்து காட்டச் சொன்னார்கள். நடந்தேன். "முன்னாடியும் இப்படிதான நடக்கும்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டதற்கு, அம்மா பல நாள் அவளோடு பேசவில்லை. வேறு கட்டை வாங்கவும் அம்மா விடவில்லை. பள்ளிக்கூடம் திறந்தபோது அப்பா யாரையும் கேட்காமல் சைக்கிளில் போய் புதுக் கட்டை ஒன்று வாங்கிவந்து கதவோரம் வைத்தார். அம்மா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஆண்டவரு சுகத்த குடுத்தாரு. நீதான் வுட்டுட்ட" என்றாள்.

அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு அவள் திரும்பச் சொன்னாளா என்று நினைவில்லை. சொல்லத் தேவையில்லாமலே வீட்டுக்குள் அது இருந்துகொண்டிருந்தது.

அம்மா ஞானஸ்நானம் எடுத்தாள். சில வருடம் கழித்து நானும் எடுத்தேன். மேடையில் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அம்மாவுக்குத் துணையாகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊரின் ஓடு வேய்ந்த சின்னச் சபைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே என் காலைப் பற்றி யாரும் பேசவில்லை. பெண்கள் பாயில் உட்கார, எனக்கு மட்டும் ஒரு மடக்கு நாற்காலி விரித்துப் போட்டிருப்பார்கள், யாரும் கேட்காமலே. நான் நன்றாகப் பாடுவேன் என்பதைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். ஜெபம் எனக்கு ஒத்துவந்தது. நாள் முழுக்க யாரிடமும் சொல்லாத விஷயங்களைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது. அதில் கால் வரவே இல்லை. கேட்பதற்கு எனக்கு வேறு நிறைய இருந்தது.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அரசு அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. காலுக்கு இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் அளவெடுத்துச் செய்தார்கள். அதைப் போட்டால் கட்டை இல்லாமலே பஸ் ஏறலாம். அப்பா இறந்த பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டாள். ஆபீசுக்குப் பக்கத்திலேயே புதிதாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம்.

வருடா வருடம் கன்வென்ஷன் வரும். எங்கள் சபையும் மற்ற சபைகளும் சேர்ந்து நடத்துவது. அம்மா முதல் நாளே போய் இடம் பிடிப்பாள். நானும் போவேன், பாட்டுக்காக. பிரசங்கியார்களை நான் சகித்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து காரில் வந்து இறங்குவார்கள். இறங்கியதும் மலையைப் பார்ப்பார்கள். அன்றைய பிரசங்கத்தில் மலை வந்துவிடும். இந்த மலை உருகும், இந்த மலை பெயரும், இந்த மலை கடலில் விழும். ஒருவர் பாக்கியில்லை. எங்களில் பாதிப் பேர் அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவர்கள். எங்கள் அண்ணன் தம்பிகள் இன்னமும் அதைச் சுற்றுகிறவர்கள். கூட்டம் முடிந்து அவர்கள் காரில் போய்விடுவார்கள். மறுநாள் காலையில் அதே மலைக்குக் கீழே அந்த மனிதர்களோடு டீக்கடையில் நிற்கப் போகிறவர்கள் நாங்கள்.

ஒரு வருடம் கமிட்டிக்காரர்கள் காலண்டர் பார்க்காமல் பௌர்ணமி அன்று தேதி வைத்துவிட்டார்கள். பஸ்ஸெல்லாம் கிரிவலக் கூட்டம். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் வந்துசேர முடியவில்லை. பிரசங்கியார் காரும் ஜனத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. மேடை ஏறியதும் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "ரோட்டில் இத்தனை லட்சம் பேர் போகிறார்கள். நீங்கள் எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்? உங்களுக்கு வெட்கமாக இல்லை?" என்று எங்களைத் திட்டினார். நாங்கள் வந்தவர்கள். வராதவர்களுக்கான திட்டை வந்தவர்கள்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அன்று மழை வேறு தூறியது. ஒருவரும் எழுந்து போகவில்லை. அந்தப் பொறுமைக்கு யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவளுக்கு 98இல் நடந்ததைப் பொறுக்க முடியவில்லை.

அந்த வருடம் வந்தவர் தெற்கிலிருந்து வந்த, கணீரென்ற குரல்காரர். நடுவயது. நன்றாகவே பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று, "உங்கள் ஊரில் நடந்த அற்புதத்தை உங்களுக்கே சொல்கிறேன்" என்றார். இதே திருவண்ணாமலையில் சில வருடங்களுக்கு முன் ஒரு மகள். பிறக்கும்போதே இடுப்புக்குக் கீழே எலும்பே இல்லை. டாக்டர்கள் கைவிட்டார்கள். கட்டிலோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊழியக்காரர் கை வைத்தார். எலும்பு முளைக்கிற சத்தம் முன் வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டது. அந்த மகள் எழுந்து ஓடினாள். மைதானத்தைச் சுற்றி ஓடினாள். 'என் வீட்டுக்கு நடந்தே போவேன்' என்று மைக்கில் சொன்னாள். இன்று அந்த மகள் வெளிநாட்டில் நர்சாக இருக்கிறாள்.

ஜனம் கை தட்டியது. எங்கள் சபைப் பெண்கள் சிலர் மட்டும் தட்டாமல் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் நடைபாதை ஓரம் இரும்புக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"உன்னத்தான் சொல்றாரு பாப்பா."

எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை.

கூட்டம் முடிந்ததும் அம்மாவை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, பிரசங்கியாருக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்த வீட்டுக்குப் போனேன். மைதானத்துக்குப் பின்தெருவில் கமிட்டிச் செயலாளர் வீடு அது. பிரசங்கியார் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செயலாளர் என்னைத் தெரிந்தவர் ஆகையால் உள்ளே விட்டார்.

"ஐயா, நீங்க சொன்ன பொண்ணு நான்தாங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பூட்ஸைப் பார்த்தார்.

"இல்லம்மா. அது வேற ஒருத்தங்களா இருக்கும்."

"இல்லீங்க. எம்பத்தொம்பதுல அந்த மேடையில ஏறினது நான். எனக்கு எலும்பு இருந்துதுங்க. கட்டையோட வந்தேன். என்னை யாரும் கட்டில்ல தூக்கினு வரல. நான் ஓடவும் இல்ல."

"அந்தப் பொண்ணு வெளிநாட்டுல இருக்கும்மா."

"எந்த வெளிநாட்டுலங்க?"

அவர் சப்பாத்தியைக் கிள்ளினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இத எனக்குச் சொன்னவங்க பெரிய ஊழியக்காரங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்றார்.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்படிச் சொல்லல. நீங்க வேற ஆளுன்னு சொல்றேன்."

செயலாளர் குறுக்கே வந்து, "சிஸ்டர், ஐயா சாப்பிடட்டும்" என்றார்.

"இந்தக் கதைய மட்டும் இனிமே சொல்லாதீங்க ஐயா."

"கதை இல்லம்மா, சாட்சி" என்று திருத்தினார். பிறகு இலையிலிருந்து எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து, மிகவும் கனிவாக, "உங்க காலுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டார்.

அந்தக் கனிவு உண்மையானது. அதுதான் எனக்கு இன்றுவரை தாங்க முடியாதது. பொய்யைச் சொன்னதும் அந்த வாய்தான், என் காலுக்காக மனம் இளகியதும் அந்த மனிதர்தான். "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். எனக்கு நியாயம் பேசுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவள் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டாள்.

"அது நீ இல்லன்னு சொல்லிட்டாரா?"

"ஆமா."

"அப்ப அன்னிக்கு மேடையில ஏறினது யாராம்?"

"எனக்கு இன்னா தெரியும்? அவரப் போய்க் கேளு. ஒம்போது வருஷமா நான்தான் சுகத்த வுட்டுட்டேன்னு நெனச்சினு இருக்கற. இப்ப அந்தச் சுகமே என்னுது இல்லயாம். வெளிநாட்டுல ஒருத்தி வச்சினு இருக்காளாம். உனக்கு இப்ப நிம்மதியா?"

நான் கத்திவிட்டேன். அம்மா திருப்பிக் கத்தவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எனக்குத் தெரியும்டி. அன்னிக்கே தெரியும். வீட்ல நடக்கறாப்பலதான் அங்கயும் நடந்த. பெத்தவளுக்குத் தெரியாதா?"

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சா ஏன் அப்படிச் சொன்ன? ஊர் பூரா ஏன் சொல்லினு திரிஞ்ச? கட்ட வாங்க வுடாம ஏன் என்ன இழுத்தடிச்ச?"

"அத்தினி பேரும் கை தட்டினாங்க இல்ல" என்றாள் அம்மா. "நீ தெருவுல நடந்தா பசங்க நடந்து காட்டிச் சிரிப்பானுங்க. கல்யாண வூட்டுக்குக் கூட்டினு போனா, ஓரமா குந்த வைன்னு சொல்லுவாங்க. நீ நடக்கறதப் பாத்து ஒருத்தர் கை தட்டி நான் பாத்ததில்ல. அன்னிக்கு மைதானமே தட்டிச்சு. அது பொய்யின்னு நெனைக்க எனக்கு மனசு வரல."

அன்று இருவருமே சாப்பிடவில்லை. அவளிடம் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். முகவாயில் தழும்பு இருக்கிறது. தாயே நம்பாத ஒன்றுக்காக இத்தனை வருடம் எனக்குள் குற்றவாளியாக இருந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல எனக்கு முன் எழுந்து பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அந்த வேலையை அதுவரை நான்தான் செய்துவந்தேன்.

கன்வென்ஷனுக்கு மறுவருடமும் போனோம். அதற்கடுத்த வருடமும் போனோம். ஏன் போனாய் என்று ஆபீசில் கூட வேலை செய்கிறவள் கேட்டாள். பிரசங்கியாருக்காக என் பாட்டையும் ஜெபத்தையும் நான் ஏன் விட வேண்டும்? அவர் மூன்று நாளில் போய்விடுகிறவர்.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ இருக்கும். அந்த வருடம் வந்தவர் இளைஞர். கோட்டு சூட்டு போட்டிருந்தார். மேடையில் நிற்காமல் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே பேசினார். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிக்கச் சொன்னார். எழச் சொன்னார், உட்காரச் சொன்னார். எனக்கு எழுந்து உட்கார்வது ஒரு பெரிய வேலை, கம்பியில் இருக்கிற இரும்புப் பூட்டைத் தட்டித்தான் முழங்காலை மடக்க வேண்டும். ஆகையால் உட்கார்ந்தே இருந்தேன். அது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"அங்கே, காலில் கம்பி போட்ட சகோதரி! ஆண்டவர் உங்களைத்தான் காட்டுகிறார். எழுந்து வாருங்கள்!"

தொண்டர்கள் இருவர் என்னை நோக்கி வர ஆரம்பித்தார்கள். முப்பது வயதைத் தாண்டியும் அந்தப் பதினோராம் வகுப்புப் பெண்ணாகிவிட்டேன். அப்போது பக்கத்தில் அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அவ வர மாட்டா" என்றாள். வயல்வெளியில் ஆள் கூப்பிடுகிற குரல் அது. மைக் தேவைப்படாத குரல்.

பிரசங்கியார் சிரித்துக்கொண்டே, "அம்மா, தடை செய்யாதீங்க. மகளுக்குச் சுகம் வேண்டாமா?" என்றார்.

"அவ நல்லாதான் இருக்கா. கவர்மெண்ட் வேல பாக்கறா. பொழுது வெடிஞ்சதுலருந்து சாயங்காலம் வரைக்கும் ஒழைக்கறா. நீ பேச்ச முடி தம்பி. கடைசி பஸ் பூடும், இங்க கொழந்தைங்கள வச்சினு எல்லாரும் குந்தினு இருக்காங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. யாரோ "ஆமாங்கய்யா" என்றார்கள். வந்துகொண்டிருந்த தொண்டர்கள் பாதி வழியில் நின்று மேடையைப் பார்த்தார்கள். இளைஞர் கீபோர்டுக்காரரிடம் கையைக் காட்டினார். பாட்டு ஆரம்பமானது. பாட்டு முடிந்து அவர் இன்னும் நெடுநேரம் பேசினார் என்பது வேறு விஷயம். கடைசி பஸ் போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு வீடு வந்தோம். வழியெல்லாம் அம்மாவின் உள்ளங்கை என் முழங்கால் கம்பிமேல் இருந்தது.

அந்த வாரமே செயலாளர் என் ஆபீசுக்கு வந்தார். ஊழியத்துக்கு இடைஞ்சலாக அம்மா நடந்துகொண்டது கமிட்டிக்கு வருத்தம் என்றார். அடுத்த வருடம் நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் நல்லது என்றார். காலை நீட்ட எனக்கு நடைபாதை ஓரம்தான் வேண்டும், அது முன்னால்தான் அகலமாக இருக்கிறது, அங்கேதான் உட்காருவோம் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

வரப்போகிற பிரசங்கியார்களிடம் அவர் என்ன சொல்லி வைத்தாரோ தெரியாது. அதற்குப் பிறகு வந்த ஒருவரும் எங்கள் வரிசைப் பக்கம் பார்ப்பதில்லை. இடது பக்கம் பார்த்து ஆசீர்வதிக்கிறார்கள், வலது பக்கம் பார்த்து ஆசீர்வதிக்கிறார்கள், எங்களிடம் வரும்போது பார்வை தாவிப் பந்தல் கம்பத்துக்குப் போய்விடுகிறது. எனக்கு அது பெரிய நிம்மதி. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஒருத்தனும் நம்ம பக்கம் திரும்ப மாட்றான் பாரு" என்றாள் போன வருடம், பிரசங்கத்துக்கு நடுவிலேயே, சத்தமாக.

"சும்மா இரும்மா" என்று நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.